பல் மருத்துவ இடமும் ஒரு வருடக் கணக்கும்

2025 மே 4, ஞாயிற்றுக்கிழமை. மதியம் 2 மணிக்கு நாடு முழுவதும் நீட் தேர்வு தொடங்கியது. ஆவடி சிஆர்பிஎஃப் வளாகத்தில் இருக்கும் கேந்திரிய வித்யாலயா பள்ளியும் அன்று ஒரு தேர்வு மையம். சேக்காட்டிலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். நானூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே எழுதிக்கொண்டிருந்தார்கள். 3 மணி வாக்கில் மழை பிடித்துக்கொண்டது. மின்சாரம் போனது. 4.15 வரை வரவில்லை. ஜெனரேட்டர் இல்லை, மங்கலான வெளிச்சத்தில் கேள்வியைப் படிக்க முடியவில்லை, மழைத் தண்ணீர் உள்ளே வந்ததால் இடம் மாறி உட்கார வேண்டியிருந்தது, போன நேரத்தை ஈடுகட்டக் கூடுதல் நேரமும் கொடுக்கவில்லை என்று அங்கே எழுதிய மாணவர்கள் சிலர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தங்களுக்கு மறுதேர்வு வேண்டும் என்பது அவர்கள் கேட்டது.

முதலில் முடிவுகளை வெளியிட நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஜூன் 6 அன்று மனுக்கள் தள்ளுபடியாயின. 22 லட்சம் பேர் எழுதிய தேர்வில் சிலருக்கு மட்டும் மறுதேர்வு வைத்தால் மற்றவர்களைப் பாதிக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். ஜூன் 14-இல் முடிவுகள் வந்துவிட்டன. இதே நாளில் இதே மாதிரி மின்வெட்டு மத்தியப் பிரதேசத்தின் இந்தூரிலும் நடந்தது. அங்கே தனி நீதிபதி மறுதேர்வுக்கு உத்தரவிட்டார். மேல்முறையீட்டில் அந்த உத்தரவும் நிற்கவில்லை.

நீட் தேர்வில் 180 கேள்விகள், 180 நிமிடம். கேள்விக்கு ஒரு நிமிடம். மின்சாரம் இல்லாமல் போன 75 நிமிடம் என்பது 75 கேள்வி. மதிப்பெண்ணில் சொன்னால் 720-க்கு 300. அத்தனையும் வீணாயிருக்காது, ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் எழுதியிருப்பார்கள். ஆனாலும் இயற்பியல் கணக்கு போட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கு அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதைத் தேர்வு எழுதிய யாரிடமும் விளக்க வேண்டியதில்லை.

நேரம் போனதற்கு இதற்கு முன்பு பரிகாரமே கிடைத்ததில்லையா என்றால், கிடைத்திருக்கிறது. 2024 தேர்வில் சில மையங்களில் நேரம் வீணானதற்காக 1,563 பேருக்குத் தேசியத் தேர்வு முகமை கருணை மதிப்பெண் கொடுத்தது. அது பெரிய சர்ச்சையாகி உச்ச நீதிமன்றம் வரை போனபோது, மதிப்பெண்ணை ரத்து செய்துவிட்டு அந்த 1,563 பேருக்கு மட்டும் ஜூன் 23-இல் மறுதேர்வு நடத்தினார்கள். 813 பேர் போய் எழுதினார்கள். முந்தின வருடம் 1,563 பேருக்குத் தனியாகத் தேர்வு வைக்க முடிந்த முகமைக்கு, அடுத்த வருடம் ஆவடிக்கு வைக்க முடியவில்லை. எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை.

தலித் மக்கள் செய்திகளுக்கான இந்தப் பத்தியில் மின்வெட்டைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். இருட்டு சாதி பார்த்து வருவதில்லை. அறையில் இருந்த எல்லோருக்கும் ஒரே இருட்டுதான். வித்தியாசம் மறுநாள் காலையில் தொடங்குகிறது. "பரவாயில்லை, அடுத்த வருடம் எழுதிக்கொள்" என்று சொல்லக்கூடிய வீடு எது, சொல்ல முடியாத வீடு எது என்பதில்தான் சாதியும் வர்க்கமும் வந்து உட்காருகின்றன.

அந்த இன்னொரு வருடம்

நீட் தேர்வின் பாதிப்புகளை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையில் தமிழக அரசு அமைத்த குழு 2021 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. அதில் எல்லோரும் அதிகம் பேசிய எண், தமிழ்வழி மாணவர்களின் பங்கு பற்றியது. 2016-17-இல் எம்பிபிஎஸ் சேர்ந்தவர்களில் 14 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் தமிழ்வழியில் படித்தவர்கள். 2020-21-இல் அது 2 சதவீதத்துக்கும் கீழே. ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு எண் இருக்கிறது. நீட்டுக்கு முந்தைய 2016-17-இல் சேர்ந்தவர்களில் முந்தைய ஆண்டே பிளஸ் 2 முடித்துவிட்டு மறுபடி முயன்றவர்கள் 12.47 சதவீதம். 2020-21-இல் 71.42 சதவீதம். அதாவது பத்துப் பேரில் ஏழு பேர், பிளஸ் 2 முடித்த பிறகு குறைந்தது ஒரு வருடம் வீட்டிலோ பயிற்சி மையத்திலோ இருந்து படித்தவர்கள்.

நம் தெருக்களில் அந்த ஒரு வருடத்துக்கு என்ன விலை? பயிற்சி மையக் கட்டணம் அதில் ஒரு பகுதிதான். ஆவடி, பட்டாபிராம், அம்பத்தூர் பக்கம் பிளஸ் 2 முடித்த பையனுக்குத் தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலை உடனே கிடைக்கும். அந்தச் சம்பளத்தை எதிர்பார்த்து ஏற்கெனவே ஒரு சீட்டு கட்டிக்கொண்டிருப்பார்கள். பெண் பிள்ளையாக இருந்தால் வேறு கணக்கு. "சும்மாதானே வீட்டில் இருக்கிறாள்" என்று சொந்தக்காரர்கள் வரன் கொண்டு வர ஆரம்பிப்பார்கள். வீட்டில் உட்கார்ந்து படிப்பது என்பது படிப்பாகவே யார் கண்ணிலும் படாது. கல்லூரிக்குப் போனால் மூன்று வருடம் யாரும் கேட்க மாட்டார்கள். ஆகவே பல பிள்ளைகள் நீட் எழுதிப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கலைக் கல்லூரியில் கிடைத்த பாடத்தில் சேர்ந்துவிடுகிறார்கள். முயற்சிக்கு வரம்பில்லை, உச்ச வயது வரம்பும் 2022-இல் எடுக்கப்பட்டுவிட்டது என்பது விதி. அந்த விதியைப் பயன்படுத்த வீட்டில் அரிசி இருக்க வேண்டும்.

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. 2017-இல் பிளஸ் 2 தேர்வில் 1200-க்கு 1176. மருத்துவ கட்-ஆஃப் 196.75. பழைய முறையில் இடம் உறுதி. சட்டமன்றம் அந்த ஆண்டு பிப்ரவரியில் நீட் விலக்கு மசோதாக்களை நிறைவேற்றியிருந்தது, ஓராண்டு விலக்காவது வரும் என்று ஆட்சியாளர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றத்தில் அந்தக் கதவு மூடியது. செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். அவர் படிக்காமல் தோற்றவர் என்று இன்றும் சிலர் பேசுவதைக் கேட்கிறேன். அவர் ஒரு தேர்வுக்கு முழுமையாகப் படித்தார். அவரை வேறொரு தேர்வால் அளந்தார்கள்.

அடுத்த வருடமே தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டன. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2018 ஜூலையில் தமிழில் எழுதிய 24,720 பேருக்கும் கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிழை தேர்வை நடத்தியவர்களுடையது, சுமந்தவர்கள் தமிழ்வழிப் பிள்ளைகள். விலக்கு கேட்டு 2021 செப்டம்பரிலும் 2022 பிப்ரவரியிலும் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவும் குடியரசுத் தலைவரால் நிராகரிக்கப்பட்டது என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆக, அரசியல் போராட்டம் ஒரு பக்கம் நடக்கட்டும். இந்த வருடம் பிளஸ் 2 படிக்கும் பிள்ளைக்கு முன்னால் இருப்பது இந்தத் தேர்வுதான்.

பல் மருத்துவம் என்ற கதவு

நீட் என்றதும் வீட்டில் எல்லோர் வாயிலும் வருவது எம்பிபிஎஸ். அதே தேர்வு, அதே மதிப்பெண், அதே கலந்தாய்வில் பிடிஎஸ் என்ற பல் மருத்துவப் படிப்பும் இருக்கிறது. நான்கு வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி மருத்துவம், மொத்தம் ஐந்து வருடம். தமிழ்நாட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் மூன்று: சென்னையில் ஒன்று, கடலூர் மாவட்டம் சிதம்பரத்தில் ஒன்று, 2023-இல் புதுக்கோட்டையில் தொடங்கியது ஒன்று. இருபதுக்கு மேற்பட்ட தனியார் கல்லூரிகளிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு.

சென்னைக் கல்லூரி 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. சேக்காட்டுப் பிள்ளைக்கு அது ஒரே ரயில். இந்து கல்லூரி ஸ்டேஷனிலோ ஆவடியிலோ புறநகர் ரயில் ஏறி சென்ட்ரல் மூர்மார்க்கெட் வளாகத்தில் இறங்கினால், அரசு பொது மருத்துவமனையைத் தாண்டி நடக்கும் தூரம்தான். விடுதிச் செலவே வேண்டாம். ஆனால் ஜிஎச்சுக்கு நூறு முறை போய் வந்த நம் மக்களில் பலருக்கு, பக்கத்திலேயே பல்லுக்கென்று தனியாக ஒரு கல்லூரி இருப்பதும், அங்கே தங்கள் பிள்ளை படிக்கலாம் என்பதும் தெரியாது.

இந்த இடங்களில் நமக்கான பங்கு எப்படி வருகிறது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டின் 69 சதவீத ஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், அதற்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3 சதவீதம். பழங்குடியினருக்கு 1 சதவீதம். (2011 கணக்கெடுப்பில் பட்டியல் சாதியினர் மாநில மக்கள்தொகையில் 20 சதவீதம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.) இந்த ஒதுக்கீடு யாரும் தானமாகத் தந்தது கிடையாது. பழைய சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி உத்தரவில் 14 இடத்துக்கு 2 இடம் நமக்கு இருந்தது. அதை எதிர்த்து செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கே மருத்துவக் கல்லூரி இடத்தைப் பற்றியதுதான். 1951-இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்ய, தமிழ்நாட்டில் எழுந்த கொந்தளிப்பால் அதே ஆண்டில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. இந்திய இடஒதுக்கீட்டு வரலாற்றில் மருத்துவ இடம் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

2020-இல் வந்த சட்டம், அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்ச்சி பெற்றவர்களுக்கு மருத்துவம், பல் மருத்துவம் உள்ளிட்ட படிப்புகளில் 7.5 சதவீதம் உள்ஒதுக்கீடு தருகிறது. முதல் ஆண்டிலேயே 313 எம்பிபிஎஸ், 92 பிடிஎஸ் என 405 இடங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தன. அதற்கு முந்தைய ஆண்டுகளில் இந்த எண்ணிக்கை விரல் விட்டு எண்ணும்படி இருந்தது. அந்த முதல் ஆண்டில் ஒரு கொடுமையும் நடந்தது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சில பிள்ளைகள் கட்டணம் கட்ட வழியில்லாமல் இடத்தை விட்டுவிட்டு வந்தார்கள். அதன் பிறகுதான் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. இன்று இந்த ஒதுக்கீட்டில் சேருபவர்களின் கட்டணத்தை அரசு கட்டுகிறது. ஆகவே "தனியார் கல்லூரி, நமக்குக் கட்டுப்படியாகாது" என்று இந்தப் பிள்ளைகள் ஒதுங்க வேண்டியதில்லை.

யாருக்கு இது பொருந்தும் என்பதில்தான் சிக்கல். 6-ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, நகராட்சிப் பள்ளி எல்லாம் இதில் அடக்கம். கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் 8 வரை படித்துவிட்டு 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் வரலாம். அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு இல்லை. நம் பகுதிகளில் தாத்தா காலத்திலிருந்து நமக்குக் கதவைத் திறந்தவை மிஷன் பள்ளிகள். அவற்றில் பல இன்று உதவிபெறும் பள்ளிகள். அங்கே படிக்கும் ஏழைப் பிள்ளையின் வீடும் அரசுப் பள்ளிப் பிள்ளையின் வீடும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு இருக்கும், ஒருவருக்கு ஒதுக்கீடு உண்டு, மற்றவருக்கு இல்லை. இதை மாற்றச் சொல்லிக் கேட்பது தனி வேலை. ஆனால் இப்போது 5-ஆம் வகுப்பு முடிக்கும் பிள்ளையை அடுத்து எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று யோசிக்கும் பெற்றோர் இந்த விவரத்தைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். ஆறாம் வகுப்புச் சேர்க்கையிலேயே மருத்துவ இடம் பாதி தீர்மானமாகிவிடுகிறது.

இன்னொன்று. ஆதிதிராவிடராக இருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான். இது பல வீடுகளில் கலந்தாய்வுக்கு முந்தின வாரம்தான் தெரிய வருகிறது. ஒதுக்கீட்டில் பட்டியல் சாதி இடம் கிடைக்காவிட்டாலும், மாநில அரசின் கல்வி உதவித்தொகையில் மதம் மாறிய ஆதிதிராவிடருக்கும் இடம் உண்டு என்பதை மறந்துவிட வேண்டாம்.

கிடைத்ததை எடுப்பதா, இன்னும் ஒரு முறை எழுதுவதா?

இந்தக் கேள்வி ஒவ்வொரு ஜூலையிலும் எழுகிறது. எம்பிபிஎஸ் எட்டவில்லை, பிடிஎஸ் கிடைக்கும் போல இருக்கிறது. பயிற்சி மையத்துக்காரர் "இன்னும் ஒரு வருடம் போட்டால் எம்பிபிஎஸ் உறுதி" என்பார். அவருக்கு அது ஒரு வருடக் கட்டணம். பக்கத்து வீட்டுக்காரர் "பல் டாக்டரா?" என்று உதட்டைப் பிதுக்குவார். பிள்ளைக்கும் மனது சஞ்சலப்படும்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: வீட்டில் இன்னொரு வருடத்தைத் தாங்கும் வசதி இல்லாத பிள்ளை, அரசுக் கல்லூரியிலோ 7.5 ஒதுக்கீட்டிலோ கிடைக்கும் பிடிஎஸ் இடத்தை விடக் கூடாது. அடுத்த வருடத் தாள் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பட்டியல் சாதியினருக்கான தகுதி மதிப்பெண்ணே 2023-இல் 107, 2024-இல் 127, 2025-இல் 113 என்று ஏறி இறங்கியிருக்கிறது. மழை எப்போது வரும் என்றும் தெரியாது. ஆவடியில் எழுதியவர்கள் அதை நேரில் கண்டவர்கள். இடத்தை எடுத்துவிட்டுப் பாதியில் விட்டால் அபராதக் கட்டணமும், அடுத்த கலந்தாய்வுகளில் கட்டுப்பாடுகளும் இருக்கும். அந்த ஆண்டின் தகவல் குறிப்பேட்டைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

பிடிஎஸ் படித்தவர்களுக்கு எல்லாம் சுலபம் என்றும் சொல்ல மாட்டேன். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் வரும் அரசு பல் மருத்துவர் பணியிடங்கள் குறைவு. தனியாக கிளினிக் வைக்க நாற்காலி, எக்ஸ்ரே கருவி என்று முதலீடு வேண்டும். மாமாவோ அப்பாவோ டாக்டராக இருக்கும் பிள்ளைக்கு அது தயாராக இருக்கும், நம் பிள்ளைக்கு இருக்காது. தாட்கோ மூலம் மானியத்துடன் கடன் திட்டங்கள் இருக்கின்றன. வங்கிக்கு எத்தனை முறை நடக்க வேண்டும் என்பது வேறு கதை. மேல்படிப்புக்கு எம்டிஎஸ் உண்டு, அதற்கும் தனி நீட் உண்டு. இதையெல்லாம் தெரிந்துகொண்டே சேருங்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நம் தாத்தாக்கள் டீக்கடையில் தனிக் குவளையில் குடித்தவர்கள். தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்ற, கையைக் குவித்து ஏந்திக் குடித்தவர்கள். இரட்டைக் குவளை முழுதாக ஒழிந்துவிட்டது என்று சத்தியம் செய்ய இன்றும் யாருக்கும் தைரியம் இல்லை. பல் மருத்துவம் என்பது இன்னொருவர் வாய்க்குள் விரலை விட்டுச் செய்யும் வேலை. வலி தாங்காமல் வாயைத் திறந்துகொண்டு நாற்காலியில் சாய்ந்திருப்பவர் அந்தக் கை யாருடைய கை என்று கேட்பதில்லை.

படிக்கும்போது கவனிக்க வேண்டியவை

வேடிக்கையான ஒரு விஷயம்: பல் மருத்துவக் கல்லூரியில் சேருவதற்கான தேர்வில் பல்லைப் பற்றிய பாடமே இப்போது இல்லை. மனிதப் பல்லின் அமைப்பும் பல் சூத்திரமும் வரும் செரிமானப் பாடம், 2023-இல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட பாடத்திட்டத்தில் நீக்கப்பட்டுவிட்டது. தாவரங்களில் கடத்தல், கனிம ஊட்டம் ஆகியவையும் போயின. வேதியியலில் திட நிலைமை, பலபடிகள், புறப்பரப்பு வேதியியல் போன்றவை நீங்கின. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் பிள்ளைகள் படிப்பது பெரும்பாலும் பழைய புத்தகங்களில். மூர்மார்க்கெட் 1985-இல் எரிந்த பிறகு அந்தக் கடைக்காரர்கள் போன அல்லிக்குளம் வளாகத்தில் பாதி விலைக்கு நீட் கைடு கிடைக்கும். அக்கா படித்த புத்தகம் தங்கைக்கு வரும். அதில் தவறில்லை. ஆனால் 2023-க்கு முந்தைய கைடாக இருந்தால், நீங்கிய பாடத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்துவிடுவோம். புதிய பாடத்திட்டத்தை ஒரு பிரதி எடுத்து, பழைய புத்தகத்தின் பொருளடக்கத்தில் பென்சிலால் அடித்துக்கொண்டு தொடங்குங்கள். நம் மாநிலப் பாடநூலில் இந்தப் பாடங்களில் சில இருக்கின்றன. பிளஸ் 2 பொதுத் தேர்வுக்கு அவற்றைப் படித்தே ஆக வேண்டும், நீட்டுக்கு வேண்டியதில்லை.

11-ஆம் வகுப்புப் பாடத்தை விட்டுவிடாதீர்கள். நீட் பாடத்திட்டத்தில் ஏறக்குறைய பாதி அங்கேதான் இருக்கிறது. 2025-26 முதல் 11-க்குப் பொதுத் தேர்வு இல்லை என்று அரசு முடிவெடுத்திருக்கிறது. பிள்ளைகளின் பாரம் குறைவது நல்லதுதான். ஆனால் பொதுத் தேர்வு இல்லாத பாடத்தைப் பள்ளிகள் எப்படி நடத்தும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

மதிப்பெண்ணில் பாதி உயிரியல்: 90 கேள்வி, 360 மதிப்பெண். இயற்பியலும் வேதியியலும் தலா 45 கேள்வி, 180 மதிப்பெண். இயற்பியலைக் கண்டு பயந்து மொத்தத்தையும் விட்டவர்களை நிறையப் பார்க்கிறோம். வீட்டில் தனியாகப் படிக்கும் பிள்ளை உயிரியலை முதலில் கெட்டியாகப் பிடிக்க வேண்டும். அது ஆசிரியர் இல்லாமலும் ஓரளவு வசப்படும். பிறகு வேதியியல். இயற்பியலில் எல்லாப் பாடமும் வராவிட்டாலும் தெரிந்த நாலைந்து பாடங்களில் தவறே செய்யாத அளவுக்குப் போட்டுப் பழகுங்கள்.

சரியான விடைக்கு 4, தப்பானதற்கு 1 கழியும். நான்கு கேள்விகளில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தப்பு. 4 வந்து 3 போய் மிச்சம் 1. அதற்கு நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். ஆனால் நான்கு விடைகளில் இரண்டு நிச்சயம் இல்லை என்று தெரிந்தால் கதை மாறுகிறது: அப்படிப்பட்ட நான்கு கேள்விகளில் சராசரியாக இரண்டு சரி, இரண்டு தப்பு, கையில் நிற்பது 6. "தெரியாவிட்டால் தொடாதே" என்று பள்ளியில் சொல்லிக்கொடுப்பதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம்.

தமிழில் எழுதலாம். தமிழைத் தேர்ந்தெடுத்தால் வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். சந்தேகம் வந்தால் ஆங்கிலக் கேள்வியே இறுதியானது என்பது முகமையின் விதி. 2018-இன் 49 கேள்விகள் நமக்குச் சொல்லித்தந்தது இதுதான்: தமிழில் புரிந்து படியுங்கள், ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் ஆங்கிலப் பெயரையும் பக்கத்தில் எழுதிப் பழகுங்கள். முடுக்கம் என்றால் ஆக்ஸிலரேஷன், ஒளிச்சேர்க்கை என்றால் போட்டோசிந்தஸிஸ். ஒரு நோட்டு போதும். தமிழ் வரி இடறினால் மேலே உள்ள ஆங்கில வரியில் அந்தச் சொல் கண்ணில் படும்.

தேர்வு மதியம் 2 முதல் 5 வரை. நுழைவாயில் 1.30-க்கு மூடிவிடும். மே மாத வெயிலில், சாப்பிட்டவுடன் தூக்கம் வரும் நேரம். நம் பிள்ளைகள் விடியற்காலையில் படித்துப் பழகியவர்கள். கடைசி இரண்டு மாதம் ஞாயிறுதோறும் மதியம் 2 மணிக்கு உட்கார்ந்து 180 கேள்வியையும் ஒரே மூச்சில் எழுதிப் பார்க்க வேண்டும். ஒரே அறை வீட்டில் டிவியும் தம்பியும் இருக்கும்போது இது நடக்காது. தெருவில் உள்ள சங்கக் கட்டடம், சர்ச் கூடம், அம்பேத்கர் மன்றம், பள்ளி வகுப்பறை, ஏதாவது ஒன்றை ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் திறந்துவிடப் பெரியவர்கள் முன்வரலாம். கேள்வித்தாள் நகலெடுக்கும் செலவுதான். மின்சாரம் நின்றால் நிற்கட்டும். அதிலும் எழுதிப் பழகட்டும் என்று சொல்ல வேண்டியிருப்பது வெட்கக்கேடு, ஆனால் ஆவடியில் நடந்தது நடந்துவிட்டது.

முடிவு வந்த நாளில் மனது உடைந்து போகும் பிள்ளைகளைத் தனியாக விடாதீர்கள். 104 என்ற அரசு உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம், டெலிமானஸ் 14416-லும் பேசலாம்.

காகிதங்கள்

விண்ணப்பக் கட்டணம் 2025-இல் பொதுப்பிரிவுக்கு 1,700 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 1,000. சாதிச் சான்றிதழ் கையில் இல்லாமல் விண்ணப்பிக்கும்போது பொதுப்பிரிவு என்று போட்டுவிடும் இ-சேவை மையங்கள் உண்டு; அருகில் நின்று திரையைப் பார்த்துச் சொல்லுங்கள். சாதிச் சான்றிதழை ஆதிதிராவிடருக்கு வட்டாட்சியரும் பழங்குடியினருக்குக் கோட்டாட்சியரும் தருவார்கள். பழங்குடிச் சான்றிதழுக்கு மாதங்கள், சிலருக்கு வருடங்கள் ஆகின்றன. 10-ஆம் வகுப்பிலேயே விண்ணப்பியுங்கள். ஆதாரில் இனிஷியல் ஒரு மாதிரியும் 10-ஆம் வகுப்புச் சான்றிதழில் வேறு மாதிரியும் இருந்தால் இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள். வருமானச் சான்றிதழும் தயாராக இருக்கட்டும், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 6 முதல் 12 வரை படித்த ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் தலைமை ஆசிரியரிடம் படிப்புச் சான்று வாங்க வேண்டும். இடையில் வீடு மாறி இரண்டு மூன்று பள்ளி படித்தவர்கள் மே மாத விடுமுறைக்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது.

நீட் தேர்ச்சி என்பது இடம் கிடைத்ததாகாது. 2025-இல் நாடு முழுவதும் 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தேர்ச்சி பெற்றார்கள். முடிவு வந்த பிறகு மாநில மருத்துவத் தேர்வுக்குழுவுக்கு இணையத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நீட்டுக்கு விண்ணப்பித்ததே போதும் என்று நினைத்து இந்த நாட்களைத் தவறவிடுபவர்கள் வருடாவருடம் இருக்கிறார்கள். மாநில விண்ணப்பத்தில் அரசுப் பள்ளி ஒதுக்கீட்டுக்கான பகுதியைத் தனியாகக் குறிக்க வேண்டும். அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீத இடங்களுக்கு மத்தியக் குழுவிடம் வேறு விண்ணப்பம். பிறகு கல்லூரிகளை விருப்ப வரிசையில் நிரப்பும்போது எம்பிபிஎஸ் கல்லூரிகளோடு நிறுத்திவிடாமல், அவற்றுக்குக் கீழே சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை என்று அரசு பல் மருத்துவக் கல்லூரிகளையும், அதன் பிறகு தனியார் கல்லூரிகளையும் எழுதுங்கள். எழுதாத கல்லூரியைக் கணினி தானாகத் தராது.